நாகர்கோவிலுக்கு காலநிலை திட்டம் எழுதணும்னா ஊர்க்காரங்ககிட்ட எப்படி கேக்கணும்: அஞ்சு வழி, எது நமக்கு சரிப்படும்

காலநிலை செயல் திட்டம்னா, ஒரு ஊரு அடுத்த இருபது முப்பது வருஷத்துல வெள்ளத்தையும் வெயிலையும் எப்படி தாங்கப் போவுது, கரண்டு, வண்டி, குப்பைன்னு தான் வெளிய விடுற புகைய எப்படி குறைக்கப் போவுதுன்னு எழுதி வைக்கிறதுதான். மும்பை 2022 மார்ச்லயும் சென்னை 2023 ஜூன்லயும் வெளியிட்டாச்சு, ரெண்டும் 2050ஐ இலக்கா வச்சிருக்கு. தமிழ்நாட்டுல காலநிலை மாற்ற இயக்கம் வந்த பிறகு ஒவ்வொரு மாவட்டத்துலயும் கலெக்டர்தான் அதுக்கு இயக்குநர், மாவட்ட வன அலுவலர்தான் காலநிலை அலுவலர். நாகர்கோவில் 2019ல மாநகராட்சி ஆன ஊரு, நமக்கும் இப்படி ஒண்ணு விரிவா எழுதுற நாள் வரும், அன்னைக்கு ஊர்க்காரங்ககிட்ட எந்த வழியில கேக்கணும்ங்கிறத இப்பவே பேசி முடிவு பண்ணிக்கணும், ஏன்னா பிளான் எழுத ஆரம்பிச்ச பிறகு கேட்டா கமா, முற்றுப்புள்ளி மட்டும்தான் மாறும்.

வழிகளை ஒப்பிடுறதுக்கு முன்னாடி "ஊர்க்காரங்க"ன்னா யாருன்னு ஒரு விஷயம் சொல்லணும். சுருளகோடு மலைப் பக்கம் இருந்து வர்ற பழையாறு பூதப்பாண்டி வழியா ஒழுகினசேரிக்கு வந்து, டவுனோட கழிவுத் தண்ணியையும் வாங்கிக்கிட்டு, சுசீந்திரம் தாண்டி மணக்குடியில கடல்ல சேருது. 2021 நவம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் மழை கொட்டுனப்போ தாழ்வான இடமெல்லாம் என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். இப்போ மாநகராட்சியில இருக்கிற 52 வார்டுக்காரங்ககிட்ட மட்டும் கேட்டு ஒரு வெள்ள வடிகால் திட்டம் போட்டா என்ன ஆகும்? நம்ம தெருவுல தண்ணி சீக்கிரம் வடியும், சுசீந்திரத்துல சீக்கிரம் ஏறும். சுசீந்திரத்துக்காரங்களுக்கும் மணக்குடிக்காரங்களுக்கும் நம்ம கவுன்சிலர் தேர்தல்ல ஓட்டு கெடையாது, ஆனா நம்ம முடிவோட பலன் அவங்க வாசல்லதான் போய் நிக்கும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022ல ராம்சர்ங்கிற உலக அளவுல முக்கியமான நீர்நிலைகள் பட்டியல்ல சேந்தாச்சு, அந்தக் குளங்களுக்கு வர்ற தண்ணி எந்த வழியா வருது, நடுவுல என்னெல்லாம் கலக்குதுன்னு பாத்தா வார்டு எல்லைக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. அதனால எந்த வழியை எடுத்தாலும் ஆத்துக்கு மேல இருக்கிறவங்களும் கீழ இருக்கிறவங்களும் அதுல இருக்கணும். இத விட்டுட்டுப் பண்ணுற எந்த ஏற்பாடும் எனக்கு அரைகுறைதான்.

சரி, முதல் வழி ஆன்லைன். வரைவை வெப்சைட்ல போட்டு, ஒரு கூகுள் ஃபார்ம் குடுத்து, முப்பது நாள்ல கருத்து சொல்லுங்கன்னு கேக்குறது. செலவு கம்மி, வேலை கம்மி, அதனால எந்த ஆபீஸும் முதல்ல இதத்தான் தேடும். சென்னையில 2022 செப்டம்பர்ல வரைவு வந்தப்போ முதல்ல இங்கிலீஷ்ல மட்டும்தான் இருந்துச்சு, பல பேரு கேள்வி கேட்ட பிறகுதான் தமிழ்ல வந்துச்சு, கடைசி தேதியையும் தள்ளி வச்சாங்க. "நம்ம மாவட்டம் படிச்ச மாவட்டம், 2011 கணக்குலயே எழுத்தறிவு 90 சதவீதத்துக்கு மேல, நமக்கு ஆன்லைன் போதுமே"ன்னு சொல்லுறவங்க இருக்காங்க. படிக்கத் தெரியுறது வேற, நூறு பக்கத்த ஃபோன்ல நகர்த்தி நகர்த்திப் படிச்சு அதுல நம்ம தெரு எங்க வருதுன்னு கண்டுபிடிச்சு பதில் எழுதுறது வேற. யாரு பதில் போடுவாங்கன்னு நெனைச்சுப் பாருங்க, ரிட்டயர் ஆன வாத்தியார், ஐடி வேலை பாக்குற பிள்ளைங்க, இன்ஜினியரிங் காலேஜ் பசங்க, அவங்க சொல்லுறதும் வேணும்தான், ஆனா அவங்க மட்டும் போதாது.

ஆனா ஆன்லைனுக்கு ஒரு நல்ல உபயோகம் இருக்கு, அத யாரும் சரியா யோசிக்கிறதில்ல. கருத்து கேக்குறதுக்குப் பதிலா ஆதாரம் கேக்கலாம். 2023 டிசம்பர்ல உங்க வீட்டு செவுத்துல தண்ணி எவ்வளவு ஒசரத்துக்கு நின்னுச்சு, கறை இன்னும் இருந்தா ஒரு ஸ்கேல வச்சு போட்டோ எடுத்து, இடத்தோட அனுப்புங்கன்னு கேட்டா, வளைகுடாவுல இருக்கிற மகனுக்குக் கூட அம்மா வீட்டு போட்டோ ஃபோன்ல கெடக்கும், உடனே அனுப்பிடுவான். நம்ம மாவட்டத்துல வெளிநாட்டுல இருக்கிறவங்க எவ்வளவு பேருன்னு சொல்லவே வேண்டாம், ஊருல வீடு இருக்கு, வெள்ளம் வந்தா நஷ்டம் அவங்களுக்கும்தான், எந்தக் கூட்டத்துக்கும் வர முடியாது. அந்த போட்டோ எல்லாம் ஒரே மேப்ல விழுந்தா, எந்த கன்சல்டன்ட் கம்பெனி வந்து அளந்தாலும் கெடைக்காத ஒரு மேப் கையில இருக்கும்.

ரெண்டாவது வழி பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டம். ஒரு பெரிய ஹால், மேடை, மைக்கு, ஒரு நாள். இது நம்ம மாவட்டத்துக்கு நல்லாவே பழகுன ஒண்ணு, துறைமுகத்துக்கும் மண் எடுக்குறதுக்கும் எவ்வளவு போராட்டம் பார்த்த ஊரு இது. 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கைப்படி பெரிய திட்டம் வர்றப்போ இப்படி ஒரு கூட்டம் நடத்தணும், அது சட்டம், அங்க அது அவசியம்தான், ஏன்னா அங்க கேள்வியே வேணுமா வேண்டாமாங்கிறதுதான். காலநிலை திட்டத்துல கேள்வி அது இல்லையே. எந்த ஓடைய முதல்ல சரி பண்ணணும், எந்த ரோட்டுல மரம் வைக்கணும், பஸ் எத்தன மணிக்கு வரணும், யாரு வீடு காலி பண்ணணும், காலி பண்ணுனா எங்க போகணும், இதெல்லாம் ரெண்டு நிமிஷம் மைக்குல பேசி தீருற சங்கதி இல்ல. மைக்கப் புடிச்சுப் பழகுனவங்க பேசுவாங்க, பழகாதவங்க பின்னாடி சேர்ல உக்காந்துட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. நான் இத கடைசியில ஒரே ஒரு தடவ வைக்கலாம்னு சொல்லுவேன், அதுவும் கேக்குறதுக்கு இல்ல, கேட்டதுக்கெல்லாம் என்ன பதில்னு மேயரும் கமிஷனரும் எல்லார் முன்னாடியும் சொல்லுறதுக்கு.

மூணாவது, பகுதி சபை. கிராமத்துல கிராம சபை இருக்கிற மாதிரி நகரத்துல வார்டு கமிட்டியும் பகுதி சபையும் வைக்கணும்னு 2022ல விதி வந்துச்சு, அந்த வருஷம் நவம்பர் 1ல தமிழ்நாடு முழுக்க முதல் கூட்டம் நடந்துச்சு. கவுன்சிலர் தலைமையில, வார்டுக்குள்ளயே நாலஞ்சு தெருவுக்கு ஒரு கூட்டம். நம்மள்ல பாதிப் பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது, தெரிஞ்சவங்களும் தெரு லைட்டு, குப்பை வண்டி, குடிதண்ணின்னு சொல்லிட்டு வந்துடுறாங்க.

அதுல தப்பு ஒண்ணும் இல்ல, உண்மையிலேயே காலநிலை திட்டம் அங்கதான் கெடக்கு. எங்க பக்கத்துல நடந்த ஒரு கூட்டத்துல ஒரு அக்கா எந்திரிச்சாங்க, தையல் கடை வச்சிருக்கிறவங்க. ஓடைய தூர் வாருங்கன்னு முன்னாடி பேசுன எல்லாரும் சொல்லியாச்சு, அதிகாரியும் "தூர் வாரணும்"னு எழுதியாச்சு. இவங்க சொன்னது வேற, ரோட்டுக்கு அடியில தண்ணி போற கலுங்கப் பத்தி. "சார், ஓடைய எத்தன தடவ வாருனாலும் தண்ணி எங்க வீட்டுக்குள்ளதான் வரும், ரோட்ட ஒசத்திப் போட்டப்போ கலுங்குக்குள்ள ரெண்டு குழாய் இருந்தத எடுத்துட்டு ஒத்தக் குழாய் வச்சுட்டு போயிட்டாவ, அந்தக் குழாய்க்குள்ளயும் கேபிள் ஒண்ணு குறுக்க போவுது, அதுல பிளாஸ்டிக் கவர் மாட்டி மாட்டி அடைக்குது, வாங்க காட்டுதேன்"னாங்க. போயி பாத்தா அப்படித்தான் இருந்துச்சு. ஒரு முழம் அகலக் குழாய், நடுவுல கறுப்பா ஒரு கேபிள், அதுல கிழிஞ்ச சாக்கும் பால் கவரும் தொங்குது. அந்தத் தெருவோட வெள்ளத்துக்குக் காரணம் அதுதான், எந்த சாட்டிலைட் படத்துலயும் அது தெரியாது. ஆனா மினிட்ஸ் புக்குல என்ன ஏறுச்சு தெரியுமா, "ஓடை தூர்வார கோரிக்கை"ன்னு ஒரே ஒரு வரி. அந்த அக்கா சொன்னதுல முக்கியமான பாதி, எழுதுற அந்த ஒரு வரியில காணாமப் போயிட்டு.

பகுதி சபையோட பலமும் பலவீனமும் இந்த ஒரு சம்பவத்துலயே தெரியும். பலம் என்னன்னா அது விதிப்படி நடக்குற கூட்டம், அங்க ஏறுற தீர்மானத்துக்கு ஒரு மதிப்பு இருக்கு, ஒரு வருஷம் நடந்துட்டு நின்னு போற புராஜெக்ட் கெடையாது. பலவீனம், நேரமும் எழுதுற முறையும். வேலை நாள் காலைல பதினொரு மணிக்கு வச்சா யாரு வருவா? அண்டி ஆபீஸ்ல, அதாவது முந்திரி ஆலையில, வேலை பாக்குற பெண்கள் சாயங்காலம் வரைக்கும் அங்கதான். மீன் விக்குற அம்மாமாரு விடிகாலைல கரைக்குப் போயி ஏலத்துல எடுத்து, பஸ்ஸப் புடிச்சு டவுனுக்கு வந்து, வித்து முடிச்சு வீடு திரும்ப மத்தியானம் தாண்டும். மேற்க ரப்பர் தோட்டத்துல பால்வெட்டுக்குப் போறவங்களுக்கு விடியறதுக்கு முன்னாடியே வேலை தொடங்கிடும், மத்தியானத்துக்கு மேலதான் ஓய்வு. தோவாளை பூச்சந்தைக்காரங்களுக்கு ராத்திரிதான் பகல். ஒரே நேரம் எல்லாருக்கும் ஒத்து வராது, அதனால வார்டுல எந்த வேலைக்காரங்க அதிகமோ அத பாத்து நேரம் வைக்கணும், பெரிய மேப் ஒண்ண தரையில விரிச்சு வைக்கணும், சொல்லுறவங்க கையாலயே அதுல குறிக்க விடணும். இதுக்கு பெருசா காசு ஒண்ணும் ஆகாது.

நாலாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது, சனங்க ஏற்கனவே கூடுற இடத்துக்கு நாம போறது. இந்த விஷயத்துல நம்ம மாவட்டத்துக்கு இருக்கிற வசதி வேற பல ஊருக்கு கெடையாது. கடற்கரை ஊருல கத்தோலிக்க சர்ச்சோட பங்குப் பேரவை இருக்கு, அதுக்குக் கீழ அன்பியம்னு முப்பது நாப்பது குடும்பம் வாரத்துக்கோ மாசத்துக்கோ ஒரு வீட்டுல கூடுது. சிஎஸ்ஐ சபையில பெண்கள் சங்கம் இருக்கு. கோயில்ல ஊர் கமிட்டி, பள்ளிவாசல்ல ஜமாஅத். வயல் பக்கம் பாசனத்தார் சங்கம், கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு எப்போ பேச்சிப்பாறை அணை திறப்பாங்க, அனந்தனாறு கால்வாய் கடைமடைக்கு ஏன் தண்ணி வரலன்னு நாள் கணக்கோட பேசுறவங்க. எல்லாத் தெருவுலயும் மகளிர் குழு. இவங்க யாரையும் புதுசா கூட்ட வேண்டாம், கூடுற நாள் கேட்டு அரை மணி நேரம் வாங்கிக்கிட்டா போதும்.

அங்க போனா கெடைக்கிற தகவலோட தரமே வேற. எந்த மாசம் கரை எவ்வளவு உள்ள வந்துச்சு, பக்கத்து ஊருல கடலுக்குள்ள தூண்டில் வளைவுன்னு கல்லுச்சுவர் போட்ட பிறகு இங்க மணல் எப்படிப் போச்சுன்னு கடற்கரையில ஒரு பெரியவர் விரல் விட்டுச் சொல்லுவாரு. பல மீனவங்க உயிர எடுத்த ஒக்கி புயல் நேரத்துல, 2017 நவம்பர் கடைசியில, தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் மீனவங்க எவ்வளவு தூரம் போவாங்க, எத்தன நாள் தங்குவாங்கன்னு கடற்கரையில சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எச்சரிக்கை அவங்க வரைக்கும் போகாதுன்னும் தெரியும். அந்த அறிவு எந்த பிளான்லயும் முன்னாடியே ஏறல. டிசம்பர்ல ஆயிரக்கணக்கான பேரு குழித்துறை ரயில்வே ஸ்டேஷன்ல தண்டவாளத்துல உக்காந்த பிறகுதான் நாடு திரும்பிப் பாத்துச்சு. அவங்க கேட்டதுல எவ்வளவோ, அன்பியக் கூட்டத்துல ஒரு அதிகாரி பாயில உக்காந்து கேட்டிருந்தா, அந்த சாவுக்கு முன்னாடியே எழுதியிருக்கலாம். இத எழுதுறப்போ இன்னும் மனசு பதறுது.

இந்த வழியிலயும் ஓட்டை இருக்கு, மறைக்க வேண்டாம். ஊர் கமிட்டியில பெரும்பாலும் ஆம்பளைங்கதான், அதுவும் வயசானவங்க. வாடகை வீட்டுக்காரங்க, வடக்க இருந்து கட்டட வேலைக்கு வந்தவங்க, ஊருக்கு வெளிய காலனியில இருக்கிறவங்க, எந்த சபையிலயும் எந்தக் கமிட்டியிலயும் சேராதவங்க, இவங்க குரல் இதுல வரவே வராது. அப்புறம், 1982 மண்டைக்காடு கலவரத்தோட வடு இன்னும் இருக்கிற மாவட்டம் இது, மாநகராட்சி முதல்ல கோயிலுக்குப் போச்சா சர்ச்சுக்குப் போச்சாங்கிறதே ஒரு பிரச்சினை ஆயிடும். எல்லா இடத்துக்கும் ஒரே வாரத்துல, ஒரே கேள்வித்தாளோட போகணும், விடுபட்டவங்களத் தேடி மகளிர் குழு வழியா வீடு வீடா போகணும். இதுக்கு ஆள் வேணும், பயிற்சி வேணும், நாலஞ்சு மாசம் ஆகும். அவசரப்பட்டா கெட்டுப் போகும்.

அஞ்சாவது வழி புதுசா தோணும். ஊர்சனத்துல இருந்து குலுக்கல் மாதிரி ஆளத் தேர்ந்தெடுத்து, அவங்களுக்கு நிபுணர்கள வச்சு விளக்கி, பல வாரக் கடைசியில உக்காந்து பேச வச்சு, முடிவு கேக்குறது. அயர்லாந்துல 99 பேரு 2017ல காலநிலை பத்தி இப்படிப் பேசினாங்க. பிரான்ஸ்ல 2019ல இருந்து 2020 வரைக்கும் 150 பேரு உக்காந்து 149 பரிந்துரை குடுத்தாங்க. குலுக்கல் நமக்கும் அந்நியம் இல்ல, உத்திரமேரூர் கல்வெட்டுல குடவோலை இருக்கு, ஆனா அங்க சொந்த நிலம் உள்ள 35ல இருந்து 70 வயசுக்குள்ள இருக்கிறவங்க பேரு மட்டும்தான் குடத்துக்குள்ள போச்சு, நாம அப்படிச் செய்யக் கூடாது. 52 வார்டு, வார்டுக்கு ஒரு பெண் ஒரு ஆண்னா 104 பேரு, அதோட பூதப்பாண்டி, சுசீந்திரம், மணக்குடி பக்கம் இருந்து கொஞ்சம் பேரு. வர்ற ஒவ்வொருத்தருக்கும் அன்னைய கூலி குடுக்கணும், மீன் விக்குற அம்மா ஒரு சனிக்கிழமைய விட்டுட்டு வந்தா அந்த நாள் வருமானத்த யாரு குடுப்பா?

இது எல்லாத்துக்கும் வேண்டாம். கஷ்டமான முடிவுகளுக்கு மட்டும் வேணும். பழையாத்தங்கரையில இருக்கிற வீடுகள எடுக்கணுமா, எடுத்தா எங்க குடுக்கணும், வடசேரி, கோட்டாறு ரோட்டுல கார் நிறுத்துற இடத்தக் குறைச்சு நடக்குறவங்களுக்கும் பஸ்ஸுக்கும் குடுக்கலாமா, வலம்புரிவிளை குப்பைக் கிடங்கு பாரத்த மத்த வார்டும் பகிர்ந்துக்கணுமா. இந்த மாதிரி விஷயத்துல கவுன்சிலர் வாயத் திறந்தா ஓட்டுப் போயிடும்னு பயப்படுவாரு, பகுதி சபையில அவங்கவங்க தெருவுக்குத்தான் பேசுவாங்க. சம்பந்தமில்லாத வார்டுல இருந்து வந்த ஒருத்தர், பாதிக்கப்பட்டவங்க பேச்ச நேர்ல கேட்டுட்டு, நிதானமா ஒரு முடிவு சொன்னா அதுக்கு ஒரு நியாயம் இருக்கும். ஆனா பிரான்ஸ்ல பரிந்துரைய அப்படியே எடுத்துக்கிடுவோம்னு சொல்லிட்டு, 2021ல சட்டம் வந்தப்போ நிறைய நீர்த்துப் போயிட்டுன்னு அந்த 150 பேர்லயே பல பேரு கோபப்பட்டாங்க. அதனால கூட்டத்துக்கு முன்னாடியே மாமன்றம் ஒரு தீர்மானம் போடணும், எத ஏத்துக்கல்லன்னாலும் காரணத்த எழுத்துல சொல்லுவோம்னு. அந்தத் தீர்மானம் இல்லாம குலுக்கல் நடத்துறத விட நடத்தாம இருக்கிறதே மேல்.

என் முடிவு என்னன்னா, நாலாவதுல தொடங்கி மூணாவதுல கொண்டு வந்து நிறுத்தணும். முதல்ல அன்பியம், மகளிர் குழு, பாசனத்தார், ஜமாஅத், ஊர் கமிட்டின்னு போயி மேப்ல குறிச்சு வாங்கணும், அந்த மேப்ப பகுதி சபையில விரிச்சு தீர்மானமா ஏத்தணும், சிக்கலான ரெண்டு மூணு கேள்விய மட்டும் குலுக்கல் குழுவுக்கு விடணும். ஆன்லைன் வெள்ளக் கறை போட்டோ சேக்குறதுக்கும் பதில் வெளியிடுறதுக்கும். காசும் நேரமும் ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா பகுதி சபைய எடுத்துக்கிடுங்க, நேரத்த மாத்தி, மேப்ப விரிச்சு. அன்பியத்துல கேக்குறதுதான் மனசுக்குப் பிடிச்ச வழின்னாலும், அங்க சொன்னது காத்தோட போயிடும், மினிட்ஸ்ல ஏறுனதத்தான் நாளைக்கு ஆர்டிஐ போட்டு கேக்க முடியும்.

இன்னொண்ணு பணம். பக்கத்துல கேரளாவுல 1996ல மக்கள் திட்டம் தொடங்குனப்போ மாநிலத் திட்டப் பணத்துல 35ல இருந்து 40 சதவீதம் உள்ளாட்சிக்குப் போச்சு, அதனாலதான் அங்க கூட்டத்துக்கு சனம் வந்துச்சு. வயநாட்டுல மீனங்காடி பஞ்சாயத்து 2016ல கார்பன் சமநிலை திட்டத்த, அதாவது ஊரு வெளிய விடுற கார்பன ஈடு கட்டுற திட்டத்த, தொடங்கி, மரம் வச்சவங்களுக்கு அந்த மரத்தையே ஈடா வச்சு வட்டியில்லாக் கடன் குடுத்துச்சு, ஊர்க்காரங்களுக்கு அதுல நேரடியா ஒரு பலன் இருந்துச்சு. புனேல 2006ல இருந்து வார்டு அளவுல சின்ன வேலைகள மக்களே சொல்லி பட்ஜெட்ல சேக்கலாம். நம்ம ஊருலயும் ஒவ்வொரு வார்டுக்கும் சின்னதா ஒரு தொகைய, பகுதி சபை சொல்லுற காலநிலை வேலைக்குன்னு ஒதுக்கி வச்சா, அந்த தையல்கடை அக்கா சொன்ன கலுங்கு குழாய் அடுத்த மழைக்கு முன்னாடி மாறிடும். ஒரு குழாய் மாறுனத கண்ணால பாத்தவங்க அடுத்த கூட்டத்துக்குத் தானா வருவாங்க.

உங்க வார்டுல அடுத்த பகுதி சபை என்னைக்குன்னு கவுன்சிலர்கிட்ட கேளுங்க. போறப்போ மூணு விஷயத்த எழுதிக் கொண்டு போங்க: கூட்டத்த வார்டுக்காரங்க வேலை நேரத்தப் பாத்து வைக்கணும், வெள்ளம் நிக்குற இடமும் நிழல் இல்லாத இடமும் குறிச்ச வார்டு மேப் மினிட்ஸோட இணைக்கணும், சொன்ன ஒவ்வொண்ணுக்கும் அடுத்த கூட்டத்துக்குள்ள ஆமா, இல்லன்னு காரணத்தோட எழுத்துல பதில் வரணும். மூணையும் தீர்மானமா எழுதச் சொல்லுங்க, எழுதுனத வாசிக்கச் சொல்லுங்க, நீங்க சொன்னதும் அவங்க எழுதுனதும் ஒண்ணா இருந்தா மட்டும் கையெழுத்துப் போடுங்க, அந்தப் பக்கத்த ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துட்டு வாங்க.